பன்றிக் கொழுப்பும் கோபுர மூலையும்

1215 நவம்பர் 25 அன்று இங்கிலாந்து அரசர் ஜான், தன் அதிகாரி ஹியூபர்ட் டி பர்குக்கு ஓர் உத்தரவு அனுப்பினார். நன்றாகக் கொழுத்த, ஆனால் சாப்பாட்டுக்கு அவ்வளவாக உதவாத 40 பன்றிகள் உடனே வேண்டும். ராச்செஸ்டர் கோட்டையின் கோபுரத்துக்கு அடியில் தீ மூட்டுவதற்காக!

ராச்செஸ்டரில் அவரை எதிர்த்த பிரபுக்களின் ஆட்கள் அடைந்து கிடந்தார்கள். கோபுரம் 30 மீட்டருக்கும் மேல் உயரம், அடிச்சுவர் 3 மீட்டருக்கும் மேல் தடிமன். கல்லெறி பொறிகள் அதனிடம் தோற்றுப்போயின. ஆனால் ஜான் முன்யோசனைக்காரர். அக்டோபரிலேயே, இரவு பகலாகக் குந்தாலிகள் செய்து அனுப்புமாறு கேன்டர்பரி நகருக்கு ஆணையிட்டிருந்தார்.

சுவருக்கு அடியில் தோண்டினால் சுவர் தோண்டுகிறவன் தலைமேலேயே விழாதா? விழும். அதனால் கொஞ்சம் மண்ணை எடுத்ததும் அங்கே மரத்தூண்களை முட்டுக் கொடுப்பார்கள். தோண்டத் தோண்ட, அதுவரை மண் சுமந்த பாரம் தூண்களுக்கு மாறிக்கொண்டே வரும். கடைசியில் அந்தப் பகுதியே மரத்தின்மேல் நிற்கும். மேலே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. அப்புறம் உள்ளே விறகை அடைத்து, தீ வைத்துவிட்டு ஓடிவர வேண்டியதுதான்.

எங்கே தோண்டுவது என்பதில்தான் சூட்சுமம். சுவரின் நடுவே அடித்தளத்தைப் பறித்தால் பெரும்பாலும் முழுச்சுவரும் விழாது. வீட்டுச் சுவரில் ஜன்னலுக்கு இடம் உடைக்கும்போது மேலே உள்ள செங்கற்களில் முக்கோணமாகக் கொஞ்சம்தான் உதிரும். மீதிப் பாரம் வளைவுபோல இருபுறமும் இறங்கிவிடும். அந்த வளைவுக்கு இரண்டு பக்கமும் பிடிமானம் வேண்டும். கோபுர மூலைக்கு வெளிப்பக்கம் வெறும் காற்றுதான்! பாரம் சாய்ந்துகொள்ள இடமில்லாததால் மூலை அப்படியே பிய்ந்து விழும். ஜானின் ஆட்கள் தென்கிழக்கு மூலையைக் குடைந்தார்கள்.

சரி, பன்றி எதற்கு? கனமான மரம் சீக்கிரம் எரியாது. வெளிப்புறம் கரியாகி உள்மரத்தைக் காக்கும். இன்றைய தீச்சோதனைகளின்படி மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர்தான் கருகும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தூண் ஒரு மணி நேரத்தில் 12 சென்டிமீட்டராகும். ஆனால் நெடுந்தூண் வளைந்து முறியாமல் தாங்கும் திறன் விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. அதனால் அது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆக, தீ ஒரே சீராக, அணையாமல் எரிந்தால் போதும். ஈரமண்ணும் காற்றுக்குறைவும் உள்ள சுரங்கத்தில் அதுதான் கஷ்டம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் கொழுப்பு, விறகைவிட இரு மடங்குக்கும் மேல் வெப்பம் தரும். உருகி விறகில் ஊறி, அதையே திரியாக்கிக்கொண்டு எரியும். கதையில் பன்றிகள்தான் பேர் வாங்கிவிட்டன. எனக்கென்னவோ, எந்தத் தூணை எங்கே நிறுத்துவது என்று கணித்த, பெயர் தெரியாத அந்தச் சுரங்கக்காரர்கள்தான் பெரிய ஆட்கள்.

மூலை விழுந்தது. ஆனாலும் உள்ளே இருந்தவர்கள் கோபுரத்தின் குறுக்குச்சுவருக்குப் பின்னால் போய் நின்று போராடினார்கள். குதிரைகளைத் தின்று தீர்த்து, நவம்பர் 30 அன்று பசியால்தான் பணிந்தார்கள். பின்னாளில் அந்த மூலையை மட்டும் வட்டமாகக் கட்டினார்கள். இன்றும் மூன்று மூலை சதுரம், ஒன்று வட்டம் என்று நிற்கிறது.

இந்த உத்திக்கு மாற்றும் பழையதுதான். லிபியாவின் பார்க்கா நகரைப் பாரசீகர் குடைந்தபோது, ஒரு கன்னார் வெண்கலக் கேடயத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார் என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். கீழே தோண்டும் இடத்தில் மட்டும் கேடயம் அதிர்ந்து ஒலித்தது. கி.மு. 189-ல் கிரேக்க நகரான அம்பிராசியாவை ரோமானியர் குடைந்தபோது, உள்ளே இருந்தவர்கள் எதிர்ச்சுரங்கம் வெட்டி, ஜாடியில் இறகுகளை எரித்து, துருத்தியால் அந்த நாற்றப்புகையை அவர்கள்மேல் ஊதினார்கள்.

இதையெல்லாம்விடச் சுலபமான தற்காப்பு தண்ணீர். அகன்ற நீர்நிலைக்கு அடியில் குடைந்தால் சுரங்கம் நிரம்பிவிடும். இதை ஜான் நன்றாக அறிந்திருக்க வேண்டும். கெனில்வொர்த் கோட்டையைச் சுற்றி அணைபோட்டுப் பெரிய ஏரியையே உருவாக்கினார். 1266-ல் அதே கோட்டையைக் கலகக்காரர்கள் பிடித்துக்கொள்ள, முற்றுகையிட்டவர் அவருடைய மகன் மூன்றாம் ஹென்றி. அப்பா உருவாக்கிய ஏரி குறுக்கே நின்றது. ஜூனில் தொடங்கிய முற்றுகை டிசம்பர் வரை இழுத்தது. அங்கேயும் பசியும் நோயும்தான் கதவைத் திறந்தன.