கண்ணாடியில் நகரும் துரு

சேலத்தில் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்பட்டால் கடலையும் நாமேதான் தயாரிக்க வேண்டும். மேட்டூர்க் குழாய்த் தண்ணீரை ஆர்.ஓ.வில் வடித்து, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். இத்தனை பாடுபட்ட தொட்டியில் ஒருநாள் துருப்போலப் புள்ளிகள் தெரியும். துருப்பிடிக்காத எஃகு செய்யும் ஊரில் இதென்ன என்று உற்றுப் பார்த்தால், புள்ளி நகரும்.

இதுதான் கான்வொலுட்ரிலோபா. சில மில்லிமீட்டர் நீளம், வாலில் மூன்று முனை. தட்டைப்புழு என்றே அழைக்கிறோம். ஆனால் மரபணு ஆய்வுகள் இதை ஏசீல் என்ற தனிக் கிளையில் வைக்கின்றன. உடலுக்குள் பாசி வளர்க்கிறது, அது வெளிச்சத்தில் சமைப்பதைத் தின்கிறது. அதனால்தான் விளக்கு நன்றாகப் படும் இடத்தில் அப்பிக்கொள்கிறது. பவளத்தைக் கடிப்பதில்லை. ஆனால் பவளமும் உள்ளே பாசி வைத்துப் பிழைக்கும் உயிர். மேலே இது போர்வையாகப் படர்ந்தால் வெளிச்சம் போச்சு. இணை தேடும் வேலையும் இல்லை. பின்பக்கம் மொட்டுவிட்டு, மொட்டு பிரிந்து போய்விடும். ஒன்று நுழைந்தால் போதும்.

கொல்வது சுலபம். ஆட்டுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் லெவாமிசோலுக்கே இது சுருண்டுவிடும். வம்பு அதற்கப்புறம்தான். இதன் உடலில் நஞ்சு இருக்கிறது; உயிரோடு இருக்கும்வரை அது உள்ளேயே கிடக்கும். ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் செத்தால் அத்தனையும் தண்ணீரில் கலக்கும், மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். புழுவைவிட நம் அவசரம்தான் தொட்டிக்கு ஆபத்து.

ஆகவே முதலில் மெல்லிய ஏர் டியூபை வைத்து, பல நாள் பொறுமையாக உறிஞ்சி எடுங்கள். எண்ணிக்கை நன்றாகக் குறைந்தபின் மருந்து. சாகச் சாக உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். உடனே ஃபில்டருக்கான புதிய கரியை (ஆக்டிவேட்டட் கார்பன்) ஃபில்டரில் போட்டு, தயாராக வைத்திருக்கும் உப்புநீரால் தண்ணீர் மாற்ற வேண்டும். கரி நஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

வராமல் தடுக்க வழி மாவடு ஜாடியில் இருக்கிறது. உப்பில் போட்ட வடு நீரை விட்டுச் சுருங்குகிறதல்லவா? இங்கே அது தலைகீழ். கடல்புழுவை நல்ல தண்ணீரில் போட்டால் நீர் உள்ளே பாய்ந்து செல்கள் உப்பி வெடிக்கும். புதிதாக வாங்கிய மென்பவளத்தை, அது தாங்கும் வகையானால், தொட்டியின் வெப்பநிலையில் உள்ள ஆர்.ஓ. தண்ணீரில் ஓரிரு நிமிடம் அலசுங்கள். வெள்ளைக் கிண்ணமாக இருக்கட்டும். அடியில் உதிர்வது தெரியும்.