டைமிங் செயினுக்கும் ஆயுசு உண்டு

காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் பக்கம் ஏறும்போது நின்றுபோன ஒரு மெர்சிடிஸ் 230ஈ, டோ டிரக்கில் செந்தூலில் உள்ள என் பட்டறைக்கு வந்து இறங்கியது. 1980களின் வண்டி, டபிள்யூ123 மாடல். அப்பா ஓட்டியது, இப்போது மகன் வைத்திருக்கிறார். பெயிண்ட், சீட், குரோம் எல்லாம் புதுசு போலப் பளபளக்கிறது. கிராங்க்ஷாஃப்ட்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டையும் இணைத்து ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் செயின் அறுந்து கிடக்கிறது. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினால் வால்வுகள் வளைந்திருக்கின்றன. பிஸ்டன் தலையில் வால்வின் விளிம்பு பதிந்து, பிறை வடிவத்தில் நகக்கண் அளவு வெட்டு. அந்தத் தம்பி கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, இது செயின் வண்டிதானே? பெல்ட் இல்லையே?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இந்த மாதிரி வண்டி வந்து இறங்குவதும் இது முதல் தடவை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

செயின் என்றால் மாற்றவே வேண்டாம் என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. 1985இல் நம் மலேசியக் கார் புரோட்டோன் சாகா வந்தது. அதில் இருந்தது மிட்சுபிஷி எஞ்சின், டைமிங் பெல்ட். இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை பெல்ட் மாற்ற வேண்டும் என்று நம் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் பாடமாகிவிட்டது. பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டி எழுதி வைத்தோம். செயின் வண்டிக்கு அந்த ஸ்டிக்கர் கிடையாது. ஸ்டிக்கர் இல்லையென்றால் மாற்றவே வேண்டாம் என்று நாமாக முடிவு கட்டிக்கொண்டோம்.

செயினும் தேயும். கண்ணிக்குக் கண்ணி ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ். ஒவ்வொன்றும் மயிரிழை தேய்ந்தால் போதும், எல்லாம் சேர்ந்து செயின் நீண்டுவிடும். பழைய சைக்கிள் செயினைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், வில் போல வளைந்து தொங்கும். அதேதான் இங்கேயும். செயின் நீண்டால் கேம்ஷாஃப்ட் பின்தங்கும். வண்டி இழுவை குறையும், ஐட்லிங் தடுமாறும். நீங்கள் கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டு அலைவீர்கள்.

"கிலோமீட்டர் ரொம்பக் கம்மி, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பேன்" என்பார்கள். சரி, செயின் தேயாமல் இருக்கலாம். அதைத் தாங்கிப் பிடிக்கும் கைட் ரெயில்? அது பிளாஸ்டிக். அது ஓட்டத்தைவிட வயதுக்கும் சூட்டுக்கும்தான் கட்டுப்படும். நாற்பது வயது ரெயிலைக் கையில் எடுத்தால் காபி நிறத்துக்கு மாறி, விரலால் அழுத்தினாலே பிஸ்கட் போல முறியும். முறிந்த துண்டு செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே மாட்டினால், புதுச் செயினாக இருந்தாலும் பல் தாண்டும், இல்லையென்றால் அறும்.

இன்னொரு பேச்சு சத்தத்தைப் பற்றியது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது செயின் கொஞ்ச நேரம் கடகடவென்று ஆடும், ஆயில் ஏறியதும் நின்றுவிடும். "சூடானா சரியாயிடுது அண்ணே." சரியாகவில்லை தம்பி. ஆயில் அழுத்தம் வந்ததும் டென்ஷனர் அந்தத் தொய்வை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அது எட்டும் தூரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சத்தமே இல்லை என்பதும் உத்தரவாதம் ஆகாது.

230ஈ வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். 1980இல் வந்த எம்102 எஞ்சினின் ஆரம்பக் காலப் பதிப்புகளில் இருப்பது ஒற்றை வரிசைச் செயின். பிற்பாடு மெர்சிடிஸே அதை இரட்டை வரிசையாக மாற்றியது. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

பார்ப்பது பெரிய வேலையே இல்லை. வால்வ் கவரைக் கழற்றி, கிராங்க்கைக் கையால் திருப்பி, கேம்ஷாஃப்ட் குறியை நேராக்கி, கிராங்க் புல்லியில் எத்தனை பாகை காட்டுகிறது என்று படிக்க வேண்டும். 5 பாகையைத் தாண்டினால் மாற்றத் திட்டம் போடுங்கள் என்பேன். 10ஐ நெருங்கினால் சாவியைத் திருப்பித் தர மாட்டேன். ஆஃப்செட் கீ என்ற கோணல் சாவித்துண்டைப் பல்சக்கரத்தில் போட்டு டைமிங்கைச் சரிக்கட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். குறி நேராகிவிடும். தேய்ந்த செயின் தேய்ந்த செயினாகவே உள்ளே ஓடும்.

மாற்றும் வேலையை உங்கள் போமன் (மெக்கானிக்) செய்யும்போது பக்கத்தில் நின்று கவனியுங்கள். முன் கவரைப் பிரிக்காமல், பழைய செயினில் புதுசை இணைத்து உருட்டி ஏற்றும் முறை மெர்சிடிஸில் வழக்கம்தான், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் கிராங்க்கைச் சுழலும் திசையிலேயே மெதுவாகத் திருப்ப வேண்டும். இன்னொருவர் இரண்டு முனையையும் பல்சக்கரத்தோடு ஒட்டி இழுத்துப் பிடித்தபடி நிற்க வேண்டும். ஒரு நொடி கை தளர்ந்தால் கீழே பல் தாண்டிவிடும். ரிவெட்டை அறுக்கும் முன் சுற்றிலும் துணி அடைக்கச் சொல்லுங்கள், இரும்புத் தூளும் பின்னும் உள்ளே விழக் கூடாது. கண்ணியை இணைப்பதற்கு அதற்கென்று டூல் இருக்கிறது. சுத்தியலால் தட்டுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

டென்ஷனரைத்தான் பலரும் கெடுக்கிறார்கள். இந்த எஞ்சினில் அது ஒரே திசையில் பல் பல்லாக முன்னேறும் வகை. தளர்த்திவிட்டு அப்படியே திரும்ப முறுக்கினால் அளவுக்கு மீறி இறுகிவிடும். முழுதாகக் கழற்றிப் பிரித்து, ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஸ்பார்க் பிளக் இல்லாமல் கிராங்க்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று. எங்கேயாவது இடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்டார்ட்டரைப் போட்டுப் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம்.

மோரிஸ் மைனர் ஆட்களுக்கு வேலை வேறு மாதிரி. முன் கவரைக் கழற்றி, செயினைப் பல்சக்கரங்களோடு சேர்த்து எடுத்து, அவற்றில் உள்ள இரண்டு புள்ளியும் எதிரெதிரே பார்க்கும்படி மாட்ட வேண்டும். கேம் சக்கரத்தில் இருக்கும் ரப்பர் வளையங்களையும் பாருங்கள், கல் மாதிரி இறுகியிருக்கும். கவர் திறந்திருக்கும்போதே ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள், அதற்காக இன்னொரு தடவை பிரிக்க யாருக்கும் மனசு வராது.

வெட்டி எடுத்த பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடையிலிருந்து பழைய செயின் வாங்கி வராதீர்கள், தயவுசெய்து. கதவு வாங்குங்கள், விளக்கு வாங்குங்கள். செயின், ரெயில், டென்ஷனர் மூன்றும் புதுசாக, ஒரே நேரத்தில். முதலில் சொன்ன அந்தத் தம்பிக்கு ஹெட் வேலைக்கு ஆன வெள்ளியில் இந்த மூன்றையும் பல தடவை வாங்கியிருக்கலாம்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் பாஸ் ஆனதை மட்டும் நம்பாதீர்கள். அங்கே வால்வ் கவரைத் திறந்து பார்ப்பதில்லை. முன்பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் கவரைத் திறக்க அனுமதி கேளுங்கள்.

என்னிடம் காட்ட வருகிறவர்கள் முதல் நாள் மாலையே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போங்கள். ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினை மறுநாள் காலையில் நானே ஸ்டார்ட் பண்ணி, அந்த முதல் சில நொடிச் சத்தத்தைக் கேட்க வேண்டும். ஓட்டி வந்த சூட்டோடு வந்தால் அது எனக்குக் கேட்காது.