சொல் விளக்கம்: வளங்குன்றாப் பார் உயிர்மீன் வணிகம்

மீன்வளம் பற்றிய மொழிபெயர்ப்புகளில் இடறவைக்கும் தொடர்களில் ஒன்று 'சஸ்டெய்னபிள் லைவ் ரீஃப் ஃபுட் ஃபிஷ் டிரேட்'. சொல்லுக்குச் சொல் வைத்தால் 'நிலையான நேரடி பவளப்பாறை உணவு மீன் வர்த்தகம்' என்று வரும். படிக்கிறவருக்கு மீன் ஏலத்தைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுகிறார்களோ என்றுதான் தோன்றும். அந்த ஆறு சொல்லில் மூன்று சரியில்லை. அதிலும் முதல் சொல் பொருளையே புரட்டிவிடுகிறது.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பவளத்திட்டில் வாழும் மீனைச் செதில் உதிராமல் உயிரோடு பிடித்து, கடல்நீரோடு படகிலோ விமானத்திலோ ஏற்றி, உணவகத் தொட்டியில் நீந்தவிட்டு விற்பதுதான் இது. இதன் தலைநகரம் ஹாங்காங். அங்கே சாய் குங் கரையோரத்திலும் லெய் யூ முன் சந்துகளிலும் கடை வாசலில் கண்ணாடித் தொட்டிகள் அடுக்கடுக்காக இருக்கும். வாடிக்கையாளர் கைகாட்டுகிற மீனை வலையில் அள்ளி, எடைபோட்டு உள்ளே அனுப்புவார்கள். இஞ்சி, வெங்காயத்தாள் போட்டு ஆவியில் அவித்து, சோயா சாறும் கொதிக்கக் கொதிக்க எண்ணெயும் மேலே ஊற்றித் தலையும் வாலுமாக முழுசாக மேசைக்கு வரும். சதை முள்ளைவிட்டு அப்போதுதான் விலகுகிற பதத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் முகம் சுளிப்பார்கள். கல்யாணமோ புத்தாண்டோ கம்பெனி விருந்தோ, முழுமீன் இல்லாமல் பந்தி நிறையாது. சிவப்பு மங்கல நிறம் என்பதால் சிவந்த மீனுக்குத் தனி விலை.

இனி ஒவ்வொரு சொல்லாக.

'லைவ்' என்பதற்கு நாம் சொல் தேடவே வேண்டாம். விரால், கெளுத்தி, ஜிலேபி விற்கிற கடைகளில் 'உயிர் மீன் கிடைக்கும்' என்று பலகை தொங்குகிறது. 'உயிருள்ள மீன்' என்றாலும் பிழையில்லைதான். ஆனால் கடலில் நீந்துகிற எல்லா மீனுக்கும் உயிர் உண்டு. உயிரோடு விலைக்கு வருவது உயிர்மீன். கடைக்காரர்கள் முடித்துவைத்த வேலையை நாம் மறுபடி செய்ய வேண்டியதில்லை.

'ரீஃப்' சற்றுச் சிக்கல். ஆங்கிலத்துக்கு அது பழைய நோர்ஸ் மொழியிலிருந்து போனது. விலா எலும்பு என்று பொருள். பாடப்புத்தகத் தமிழ் பவளப்பாறை என்கிறது. இடத்தைச் சொல்ல அது போதும். மீனோடு சேர்த்தால் வம்பு. நம் மீன் சந்தையில் 'பாறை மீன்' என்றால் வெள்ளியாய் மினுங்கும், வால் பிளந்த, வேகமாக நீந்தும் வேறொரு சாதி. பவளப்பாறை மீன் என்று எழுதினால் பாறையில் ஒரு வகை என்று மீன் வாங்கத் தெரிந்தவர்களே நினைத்துவிடுவார்கள். மன்னார் வளைகுடா மீனவர்கள் கடலடியில் எழும்பி நிற்கும் கல்நிலத்தைப் 'பார்' என்பார்கள். முத்துக் குளித்த காலத்துச் சொல் அது. தூத்துக்குடிக் கடலில் தொள்ளாயிரம் பார் என்ற முத்துப் பார் பேர்போனது. மணலும் சேறுமான கடலடியிலிருந்து இந்த நிலத்தைப் பிரித்துச் சொல்ல இதைவிடக் கச்சிதமான சொல் இல்லை என்பது என் கருத்து. 'பார்' என்றதும் வேறு கடை நினைவுக்கு வருகிறவர்கள் 'பவளப் பார்' என்று விரித்து எழுதிக்கொள்ளலாம்.

'உணவு' என்ற அடை, கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் வண்ண மீன் வணிகத்திலிருந்து இதைப் பிரிக்கத்தான் ஆங்கிலத்தில் சேர்ந்தது. இரண்டையும் பற்றி எழுதும்போது மட்டும் தமிழில் அது வேண்டும்.

மீனின் பெயரிலும் ஒரு கதை இருக்கிறது. இந்த வணிகத்தில் பெரும்பங்கு களவா இனங்கள். ஆங்கில 'குரூப்பர்' போர்த்துக்கீசியர் சொன்ன 'கரோப்பா'விலிருந்து திரிந்தது. குழுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஹாங்காங் உணவுப் பட்டியல்களில் பழைய கரோப்பாவே இன்னும் நிற்கிறது. வளைகுடா நாடுகளில் வேலைபார்த்த நம்மவர்களுக்கு அது ஹமூர், மலேசியாவில் கெராப்பு. இவற்றில் ஹாங்காங்காரர்கள் விரும்பிக் கேட்பது, உடம்பெல்லாம் நீலப் பொட்டு வைத்த செங்களவா. கண்டோனீய மொழியில் 'துங் சிங் பான்', அதாவது கிழக்கு நட்சத்திரப் புள்ளி மீன். கிழக்கு என்பது தென்சீனக் கடலின் துங்ஷா தீவுகளைக் குறிக்கும் என்பார்கள். அதேபோல மேற்கே உள்ள தீவுகளின் பெயரால் 'சாய் சிங்' என்றும் ஒரு மீன் உண்டு. பெயர் இன்னும் அந்தத் தீவுகளைச் சொல்கிறது. தொட்டியில் நீந்துகிற மீன் வருவதோ பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும்.

இங்கேதான் 'சஸ்டெய்னபிள்' என்ற சொல்லுக்கு வருகிறோம். லத்தீனில் கீழிருந்து தாங்கிப் பிடிப்பது என்ற வினையிலிருந்து வந்தது ஆங்கிலச் சொல். கருத்து வளர்ந்தது காட்டில். ஜெர்மனியின் சாக்சனியில் உலைகளுக்கு வெட்டி வெட்டிக் காடு தீர்ந்துபோன நிலையில், சுரங்க நிர்வாகி ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், வளர்கிற அளவுக்கு மேல் வெட்டாதே என்ற கணக்கை 1713இல் எழுதிவைத்தார். 1987இல் ஐ.நா.வின் புருண்ட்லாந்து ஆணைய அறிக்கைக்குப் பிறகு சொல் உலகமெங்கும் பரவியது. தமிழில் அதற்குப் பல பெயர்கள்: நிலையான, நீடித்த, நீடித்த நிலையான, இலங்கையில் நிலைபேறான, பிறகு வளங்குன்றா. வளர்ச்சி பற்றிப் பேசும்போது எது எழுதினாலும் பெரிய கேடில்லை. உயிர்மீன் விஷயத்தில் கேடு உண்டு. 'நிலையான வணிகம்' என்றால் தொடர்ந்து நடக்கிற வணிகம் என்றுதான் தமிழ்க் காது கேட்கும். அந்தக் கணக்கில் இந்த வணிகம் எப்போதுமே நிலையானதுதான்!

எப்படி என்றால், அது இடம் மாறி மாறி நிலைத்தது. ஹாங்காங்கின் பக்கத்துப் பார்களில் மீன் அருகியதும் வியாபாரிகள் 1970களில் பிலிப்பைன்ஸுக்குப் போனார்கள். அடுத்து இந்தோனேசியா. 1990களில் பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள், மாலத்தீவு வரை வலை விரிந்தது. ஹாங்காங்கில் ஒருநாளும் தொட்டி காலியாக இருந்ததில்லை. காலியானது பார்கள்தான். ஆய்வாளர்கள் ராபர்ட் ஜொஹானஸும் மைக்கேல் ரீப்பனும் 1995இல் எழுதிய அறிக்கைதான் இந்த நகர்வை வெளியுலகம் கவனிக்கும்படி செய்தது.

பார் எதனால் இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது? மூன்று காரணம். ஒன்று சயனைடு. 1960களில் பிலிப்பைன்ஸில் வண்ண மீன் பிடிக்கத் தொடங்கிய பழக்கம், பிறகு உணவு மீனுக்கும் பரவியது. சோடியம் சயனைடு வில்லையைப் பிளாஸ்டிக் பாட்டிலில் கடல்நீரோடு கரைத்துக்கொண்டு முக்குளிப்பவர் இறங்குவார். வாயில், படகிலுள்ள கம்ப்ரஸரிலிருந்து வரும் ரப்பர் குழாய். பவள இடுக்கில் பதுங்கிய களவாவின் முகத்துக்கு நேராகப் பாட்டிலைப் பீய்ச்சினால் மீன் மயங்கிக் கிறங்கும். இடுக்கில் கை நுழையாவிட்டால் பவளத்தை உடைத்து எடுப்பார். அந்த மேகத்தில் மாட்டிய குஞ்சுகளும் பவள உயிரிகளும் செத்துப்போகும். களவா நல்ல தண்ணீரில் தெளிந்துவிடும், விலையும் போகும். சட்டப்படி பிலிப்பைன்ஸில் இது குற்றம். ஆனால் செத்த மீனைவிட உயிர்மீனுக்குப் பலமடங்கு விலை கிடைக்கும்போது சட்டம் கடலுக்கடியில் எவ்வளவு தூரம் எட்டும்?

இரண்டாவது கூடல். களவாக்கள் வருடத்தில் சில நாள், நிலாக் கணக்குத் தப்பாமல், வழக்கமான ஓர் இடத்தில் திரண்டு முட்டையிடும். சுற்றுவட்டாரத்தின் சினைமீன் மொத்தமும் ஓரிடத்தில் நிற்கிறது. இடமும் நாளும் தெரிந்த படகுக்குச் சில பருவம் போதும், அதைத் துடைத்துவிடலாம். பசிபிக் தீவு நாடான பலாவுவில் 1980களில் அப்படியொரு கூடல் இடம் உயிர்மீன் வியாபாரத்தால் அழிந்தது. பிறகு அந்நாடு 1994 சட்டத்தில் கூடல் மாதங்களில் களவா பிடிக்கத் தடை விதித்தது. ஊர்த் தலைவர்கள் ஒரு பாரில் சில காலம் மீன்பிடிப்பை நிறுத்திவைக்கும் பழைய மரபு அங்கே ஏற்கெனவே இருந்தது.

மூன்றாவது அளவு. பிலிப்பைன்ஸின் பலாவான் தீவில் செங்களவாவுக்கு 'சூனோ' என்று பெயர். வாங்குகிறவர்கள் எடைபார்த்து 'குட் சைஸ்', 'அண்டர்சைஸ்', 'ஓவர்சைஸ்' என்று பிரிப்பார்கள். அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரைதான் குட் சைஸ். ஒரு தட்டுக்கு, ஒரு மேசைக்குச் சரியான அளவு. அதைத் தாண்டினால் கிலோ விலை இறங்கும். களவா பெண்ணாகப் பருவமடைந்து, பெரிதானபின் ஆணாக மாறும் மீன். தட்டுக்குப் பொருந்தும் மீனையே வாரிக்கொண்டிருந்தால் பலதும் ஒருமுறைகூட முட்டையிடாமலே போகும். ஆணாக மாறும் வயதை எட்டுவது அதைவிட அபூர்வம். இரண்டு மீட்டர்வரை வளரும் நெப்போலியன் மீனின் நிலை இன்னும் மோசம். தட்டளவில் அது இன்னும் பருவமே எட்டாத குஞ்சு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2004இல் பாங்காக்கில் கூடியபோது அதை இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் நாடுவிட்டு நாடு போகக் கூடாது. ஹாங்காங் கடைகளில் ஒரே உரிமத்தைக் காட்டி, விற்ற மீனுக்குப் பதில் கள்ள மீனை விடுவது வழக்கமானதால், அம்மீனின் முகத்திலுள்ள கோடுகளை வைத்து ஆளை அடையாளம் காணும் செயலியை ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். ஒவ்வொரு மீனுக்கும் கோலம் வேறு. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

ஆக, கேட்க வேண்டியது வணிகம் நிற்குமா என்பதல்ல, பாரின் வளம் குறையாமல் இருக்கிறதா என்பதே. 'வளங்குன்றா' அதைத்தான் கேட்கிறது. குன்றுதல் என்றால் குறைதல். வளம் + குன்றா, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். சொல் அண்மைக்காலத்து ஆக்கம் என்றாலும் சேர்க்கை பழையது. 'ஏரின் உழாஅர் உழவர் புயல்என்னும் வாரி வளங்குன்றிக் கால்' என்கிறது குறள். வாரி என்றால் வருவாய். வருவாய் தரும் மூலம் வற்றினால் தொழிலே நிற்கும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. வணிகத்துக்கு முன்னால் இந்த அடையைப் போட்டால், எந்த வளம், எங்கே உள்ள வளம் என்ற கேள்வி தானாக எழும்.

அந்தப் பெயருக்கு ஓரளவு தகுதி பெறுவது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மீன்பிடிப்பு. தூண்டில் மட்டுமே அனுமதி. செங்களவா 38 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடலிலேயே விட வேண்டும். மொத்தப் பிடிப்புக்கு 2004 முதல் உச்சவரம்பு உண்டு. அக்டோபர், நவம்பர் அமாவாசையை ஒட்டி ஐந்தைந்து நாள் பார்மீன் பிடிப்பே கிடையாது. பணக்கார நாட்டில், கண்காணிக்கப் படகும் ஆளும் இருக்கிற இடத்தில் முடிகிறது. ஆயிரக்கணக்கான தீவுகளில் சின்னப் படகுக்காரர்கள் கடனுக்கு எரிபொருள் வாங்கி, கடன் கொடுத்த தரகரிடமே மீனை விற்கிற இடத்தில் இதே விதி காகிதத்தில்தான் இருக்கும். இந்த நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் ஆசிய-பசிபிக் நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஏபெக்கின் நிதியில் ஒரு சர்வதேசத் தரநிலையும் எழுதப்பட்டது. விரும்பினால் பின்பற்றலாம் என்பதால் பலரும் விரும்பவில்லை.

கடைசியாக ஒரு சொல்லில் எச்சரிக்கை தேவை: 'வளர்ப்பு மீன்'. அண்டர்சைஸ் களவாவைக் கடலிலிருந்து பிடித்து, கூண்டில் போட்டு, பொடிமீன் தீனி கொடுத்துக் குட் சைஸ் ஆக்கி விற்பதும் வளர்ப்புதான் என்கிறார்கள். அது பாரின் குஞ்சையே முன்கூட்டி எடுப்பது. அதை 'பிடித்து வளர்த்த மீன்' என்றே எழுத வேண்டும். முட்டையிலிருந்தே பொரிப்பகத்தில் உருவாக்குவது வேறு. தைவானும் சீனாவும் இந்தோனேசியாவும் பல களவா இனங்களில் அதைச் சாதித்துவிட்டன. மலேசியாவின் சபாவில் புலிக் களவாவையும் ராட்சதக் களவாவையும் இணைத்து உருவாக்கிய கலப்பினம் இன்று சந்தையெங்கும் கிடைக்கிறது. இதை 'பொரிப்பக மீன்' எனலாம். நெப்போலியன் மீனுக்கு அப்படியொரு பொரிப்பகத் தொழில் இன்னும் இல்லை. ஆகவே அதை 'வளர்ப்பு' என்று சொல்லி யாராவது விற்றால், கூண்டில் கொழுத்த கடல்குஞ்சு என்றே பொருள்.