வெண்ணெய் உருண்டை எங்கிருந்தும் உருண்டு வரவில்லை

மாமல்லபுரத்தில் சரிவான கல்தரை மீது, இதோ உருளப் போகிறேன் என்பதுபோல் நிற்கிறது கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை. உயரம் சுமார் 20 அடி. எடை ஏறக்குறைய 250 டன் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். இவ்வளவு பெரிய கல்லை யார் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்?

யாரும் வைக்கவில்லை. அது முதலிலிருந்தே இங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த பாறைதான் போய்விட்டது!

இது கிரானைட் பாறை. பூமிக்கு அடியில், வெகு ஆழத்தில் உருவானது. அதற்கு மேலே இருந்த பாறைகளெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போயின. மேலிருந்த பாரம் குறைந்ததும் அடியிலிருந்த பாறை லேசாக விரிந்தது. விரிந்ததால் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் விழுந்தன. இன்றைக்கு உருண்டையாக இருப்பது அப்போது கூரான மூலைகள் உள்ள கட்டி.

அந்த வெடிப்புகளுக்குள் மழைநீர் இறங்கியது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் மழைநீர் மிக மிக லேசான அமிலமாகிவிடும். கிரானைட் துண்டு ஒன்றை வெயிலில் பிடித்து உற்றுப் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னும் துகள்கள் குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பவை ஃபெல்ஸ்பார். அந்த நீர் ஃபெல்ஸ்பாரை மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றிவிடும். குவார்ட்ஸை அவ்வளவாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பக்கத்தில் இருந்த ஃபெல்ஸ்பார் இளகியதும் பிடிமானம் இல்லாமல் குவார்ட்ஸ் மணலாக உதிர்ந்துவிடும். கடற்கரை மணலில் பெரும்பங்கு இப்படி உதிர்ந்த குவார்ட்ஸ்தான்.

சரி, உருண்டை வடிவம் எப்படி வந்தது? கட்டியின் முகப்பைத் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்துதான் அரிக்கும். விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து அரிக்கும். மூலைக்கு மூன்று பக்கமும் தாக்குதல். அதனால் மூலைகள்தான் முதலில் போகும். கற்கண்டை வாயில் போட்டுச் சற்று நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள், அதுவும் இப்படித்தான் மழுங்கியிருக்கும். இந்த வேலை பெரும்பாலும் மண்ணுக்கு அடியிலேயே நடந்துவிடுகிறது. பிறகு மழை வெள்ளம் இளகிய மண்ணை அடித்துக்கொண்டு போக, நடுவிலிருந்த கெட்டியான பகுதி மட்டும் வெளியே தெரிகிறது.

இது எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று பார்க்க வேண்டுமா? பக்கத்திலேயே அர்ச்சுனன் தபசு இருக்கிறது. பல்லவச் சிற்பிகள் செதுக்கி ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகியும் யானைகளின் உருவம் தெளிவாகத் தெரிகிறது. கடற்கரைக் கோயிலும் கிட்டத்தட்ட அதே காலத்தது. ஆனால் அங்கே பல சிற்பங்களின் முகமே மழுங்கிவிட்டது. காரணம் உப்பு. கடல்காற்றில் வரும் உப்புநீர் கல்லின் நுண்துளைகளில் புகுந்து காய்கிறது. அப்போது வளரும் உப்புப் படிகங்கள் கல்துகள்களை நெம்பித் தள்ளுகின்றன. மாமல்லபுரம் போனால் இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். இவ்வளவு பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் கிடைக்காது.

வெண்ணெய் உருண்டையின் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். முன்னால் முழு உருண்டையாகத் தெரிவது அங்கிருந்து பாதி உருண்டைதான். அந்தப் பக்கம் ஏற்கெனவே பெயர்ந்து போய்விட்டது.