கவர் தடை, மஞ்சப்பை, பைக்குக் காசு: நெல்லைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

கடையில் பிளாஸ்டிக் கவர் கேட்பதும், கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே கையை விட்டு ஒன்றை உருவித் தருவதும் இன்னும் நின்றபாடில்லை. பாளையங்கோட்டை மார்க்கெட், டவுன் ரத வீதி, மேலப்பாளையம், பேட்டை, எங்கே போனாலும் இதே கதைதான். சில நாள் மட்டும் "கவர் கிடையாது தம்பி, செக்கிங்குக்கு வந்துட்டுப் போயிருக்காவ, பை கொண்டாரலையா?" என்று அண்ணாச்சி கையை விரிப்பார், வாங்க வந்தவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார். தடை இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எதற்குத் தடை, யாருக்கு அபராதம், பைக்குக் காசு கேட்டால் கொடுத்தே ஆகவேண்டுமா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் சட்டம். 2018 ஜூன் 5-ஆம் தேதி, அதாவது உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே மாதம் 25-ஆம் தேதி அரசாணை எண் 84 வந்தது. 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களைத் தயாரிப்பது, சேமித்து வைப்பது, வண்டியில் கொண்டு போவது, விற்பது, கொடுப்பது, பயன்படுத்துவது எல்லாமே தமிழ்நாட்டில் தடை. மொத்தம் 14 வகை. கேரி பேக், சாப்பாடு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், உணவு பொட்டலம் கட்டும் தாள், தெர்மாகோல் தட்டு, தெர்மாகோல் கப், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், பேப்பர் தட்டு, தண்ணீர் பாக்கெட், ஸ்ட்ரா, பிளாஸ்டிக் கொடி என்று போகும். கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு அடியில் விரிக்கிறோமே ஒரு சுருள், அதுவும் இதில் வரும்.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மத்திய அரசின் விதி வேறு, நம்ம மாநில விதி வேறு. மத்திய அரசு விதிப்படி கேரி பேக்குக்கு ஒரு தடிமன் இருந்தால் போதும். 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான். "சார், இது 120 மைக்ரான் கவர், கவர்மென்ட் அனுமதிச்சது" என்று கட்டுக்கட்டாகக் கடைக்குக் கடை கொண்டுவந்து போடுகிறவர்கள் சொல்வது இந்த விதியைத்தான். ஆனால் தமிழ்நாட்டு அரசாணையில் தடிமன் கணக்கே கிடையாது. எவ்வளவு மைக்ரானாக இருந்தாலும் பிளாஸ்டிக் கேரி பேக் தடைதான். வேறு மாநிலத்தில் செல்லுபடியாகும் கவர் திருநெல்வேலியில் செல்லாது. இதைத் தெரியாமல் மூட்டையாக வாங்கி வைத்துவிட்டு அபராதம் கட்டிய சிறு கடைக்காரர்கள் உண்டு.

அடுத்தது, துணிப்பை மாதிரியே இருக்கிற அந்தப் பை. ஜவுளிக்கடையில், இனிப்புக் கடையில், செருப்புக் கடையில் கலர் கலராகத் தருவார்கள், கைப்பிடி வைத்திருக்கும், தொட்டால் சொரசொரவென்று இருக்கும். நான்-ஓவன் என்பார்கள். அது துணி இல்லை, பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிஜத் துணியில் குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடுவது தெரியும், இதில் நூலே இருக்காது, சின்னச் சின்னப் புள்ளியாக அழுத்திய தடம்தான் இருக்கும். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் தீக்குச்சியில் காட்டினால் உருகிச் சொட்டும். பருத்தி என்றால் சாம்பலாகும். மாடியில் வெயில் படுகிற இடத்தில் போட்டு வைத்தால் சில மாதங்களில் பொடிப்பொடியாக உதிர்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள், அந்தப் பொடி எங்கேயும் போவதில்லை, மண்ணிலேயே கிடக்கும். மாநிலத் தடைப் பட்டியலில் இந்தப் பையும் உண்டு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பேப்பர் கப் தடையை உறுதி செய்தது, கனமான நான்-ஓவன் பை விஷயத்தை மட்டும் மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. சட்டம் எப்படிப் போனாலும் சரி, அதைத் துணி என்று நம்பி வாங்காதீர்கள்.

விலக்கு எதற்கு? பால், பால் பொருட்கள், எண்ணெய், மருந்து, மருத்துவக் கருவி இவற்றின் பேக்கிங்குக்கு விலக்கு கொடுத்தார்கள். மக்கும் தன்மையுள்ள பைக்கும் விலக்கு உண்டு, ஆனால் அதற்கென்று தரச்சான்று, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். பச்சை மையில் ஒரு இலைப் படம் போட்டு விற்கிற கவரெல்லாம் மக்கும் பை ஆகிவிடாது.

இப்போது அபராதம். 2019 ஜூன் மாதத்திலிருந்து உள்ளாட்சிகள் வசூலிக்க ஆரம்பித்தன. சேமித்து வைப்பவர், வண்டியில் கொண்டுபோகிறவர், மொத்தமாகக் கொடுப்பவர் என்றால் முதல் தடவை 25,000 ரூபாய், இரண்டாம் தடவை 50,000, மூன்றாவது ஒரு லட்சம். பெரிய வணிக நிறுவனங்கள் பயன்படுத்தினால் 10,000, அப்புறம் 15,000, அப்புறம் 25,000. மளிகைக் கடை, மருந்துக் கடை அளவிலான கடைகளுக்கு 1,000, 2,000, 5,000. தெருவோரச் சிறு வியாபாரிக்கு 100, 200, 500. அதற்கும் மேலே போனால் கடை உரிமமே ரத்தாகலாம். நம்ம மாநகராட்சியில் நெல்லை, தச்சநல்லூர், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று நான்கு மண்டலம், அந்தந்த மண்டலச் சுகாதாரப் பிரிவு ஆட்கள்தான் கடைக்கு வந்து பார்ப்பார்கள். ஊர்ப்பக்கம் பேரூராட்சி, ஊராட்சி.

இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால் ஒன்று உறுத்தும். அபராதம் முழுக்க கடைக்காரர் தலையில். வெறுங்கையோடு போய் "கவர் இல்லாமல் எப்படி எடுத்துட்டுப் போக?" என்று கேட்கிற நமக்கு இதில் ஒரு பைசா இல்லை. மார்க்கெட் வாசலில் தரையில் சாக்கு விரித்து கீரையும் கத்திரிக்காயும் விற்கிற ஆச்சிக்கு ஒரு கட்டு கீரையில் என்ன கிடைத்துவிடும்? கவர் வைக்கவில்லை என்றால் ஆள் அடுத்த சாக்குக்குப் போய்விடுவார் என்று பயந்துதான் அவர் கைக்காசு போட்டு கவர்க்கட்டு வாங்குகிறார். 100 ரூபாய் அபராதம் அவருக்கு அன்றைய லாபத்தில் பாதி. நாம் பையோடு போனால் அந்தச் செலவும் பயமும் அவருக்கு இல்லை. எனக்கு இந்தச் சட்டத்தில் முக்கியமாகப் படுவது இதுதான், சட்டம் கடைக்காரரைப் பார்த்து எழுதியிருந்தாலும் அதை நடத்திக் காட்ட வேண்டியவர்கள் வாங்கப் போகிற நாம்.

மஞ்சப்பைத் திட்டம் வந்ததும் இதற்காகத்தான். 2021 டிசம்பர் 23 அன்று சென்னை கலைவாணர் அரங்கில் முதல்வர் மு.க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அப்புறம் கோயம்பேடு சந்தையில் ஒரு தானியங்கி இயந்திரம் வைத்தார்கள், 10 ரூபாய் போட்டால் ஒரு மஞ்சள் துணிப்பை வரும். மற்ற ஊர்களிலும் பேருந்து நிலையம், சந்தை, கோயில் என்று கூட்டம் சேரும் இடங்களில் அதே மாதிரி வைப்பது திட்டம். இதைத் தவிர மஞ்சப்பை விருதும் உண்டு. வளாகத்தைப் பிளாஸ்டிக் இல்லாமல் வைத்திருக்கும் பள்ளி, கல்லூரி, வணிக நிறுவனம் என்று ஒவ்வொரு பிரிவிலும் சிறந்த மூன்றுக்கு 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம் ரூபாய் பரிசு. நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம், விவரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் 10 ரூபாய் கொடுத்துப் புதுப் பை வாங்குவது இல்லை இதன் நோக்கம். நம்ம வீடுகளில் பைக்குப் பஞ்சமா? மாப்பிள்ளை பெண் பெயர் போட்ட தாம்பூலப் பை பீரோவுக்கு மேலே அடுக்கி அடுக்கிக் கிடக்கிறது. வீட்டில் நிறைய இருந்தும் கடை வாசலில் கையில் ஒன்றும் இருக்காது, அங்கேதான் எல்லாம் கெட்டுப் போகிறது. ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வதால் ஒன்றும் ஆகாது, பையை நம்ம கண்ணில் படுகிற இடத்தில் வைத்தால்தான் ஆகும். வண்டிச் சாவி மாட்டுகிற ஆணியிலேயே ஒரு பையை மாட்டுங்கள், சாவியை எடுக்கும்போது பையும் கையோடு வரும். ஸ்கூட்டர் டிக்கியில் இரண்டு, சட்டைப் பையிலோ கைப்பையிலோ மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிற மெல்லிய பருத்திப் பை ஒன்று. முக்கியமானது திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியது: சாமானை எடுத்து வைத்ததும் பையை அடுப்படியில் சுருட்டிப் போடாமல் உடனே பழைய இடத்தில் கொண்டுபோய் மாட்டிவிட வேண்டும், இந்த ஒரு வேலையை விட்டால் மறுநாள் வெறுங்கைதான். ரேஷன் கடைக்கு மட்டும் யாரும் பையை மறப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அங்கே கவர் தரமாட்டார்கள் என்று முன்னமே தெரியும், அதனால் கார்டை எடுக்கும்போதே பையும் கைக்கு வந்துவிடுகிறது.

ஈரச் சாமானுக்குப் பை போதாது. மீனுக்கும் கறிக்கும் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, ஓட்டல் சாம்பாருக்குத் தூக்குவாளி, இட்லி மாவுக்கு ஒரு பாத்திரம். கொதிக்கிற சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டு வாங்கி வந்து பிள்ளைகளுக்கு ஊற்றுவது எனக்கு எப்போதுமே மனசு ஒப்பாத காரியம். கவர் இல்லை என்பதற்காக வடை, பஜ்ஜியைச் செய்தித்தாளில் கட்டித் தருவதும் சரி கிடையாது, அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அதைக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. வாழையிலை நம்ம ஊரில் கிடைக்காத பொருளா என்ன. பூ இன்றைக்கும் பல இடங்களில் வாழையிலையில் சுற்றி நாரால் கட்டித்தான் வருகிறது. பனையோலைப் பெட்டியும் கொட்டானும் நம்ம பக்கத்துச் சரக்குதான், முறுக்கு, கருப்பட்டி மிட்டாய் மாதிரிக் காய்ந்த பண்டத்துக்கு அதைவிட நல்ல பெட்டி கிடையாது.

பாத்திரம் கொண்டுபோனால் எடை குழப்பம் வரும். வெறும் பாத்திரத்தை முதலில் தராசில் வைத்து அந்த எடையைக் கழித்துவிட்டுத்தான் கறியைப் போட வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், எடையளவுச் சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியது பொருளின் நிகர எடை. லாலா கடையில் அல்வாவை அட்டைப் பெட்டியோடு சேர்த்து நிறுப்பதும் இதே கணக்குத்தான், பெட்டியின் எடைக்கு அல்வா விலை கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. புகார் என்றால் தொழிலாளர் துறை அலுவலகம்.

சரி, பெரிய கடைகளில் பைக்குக் காசு கேட்கிறார்களே? பைக்குக் கட்டாயம் விலை வைக்க வேண்டும் என்று முன்பு மத்திய விதியில் ஒரு பிரிவு இருந்தது, 2018 மார்ச்சில் அதை நீக்கிவிட்டார்கள். ஆகவே "கவர்மென்ட் ரூல் சார்" என்று பில் போடுமிடத்தில் சொன்னால் அது இப்போது செல்லாது. 2020 டிசம்பரில் பிக் பஜார் வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பைக்குத் தனியாகக் காசு என்பதையும் அதன் விலையையும், வாடிக்கையாளர் பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே தெரியப்படுத்த வேண்டும், எல்லாம் எடுத்து வரிசையில் நின்ற பிறகு பில் போடும் இடத்தில் சொல்வது முறையற்ற வணிகம். அதற்கு முந்தைய வருஷம் சண்டிகரில் ஒருவர் 3 ரூபாய் பைக்காக வழக்குப் போட்டு 3,000 ரூபாய் இழப்பீடு வாங்கினார். சொந்தப் பையை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே தங்கள் பையைத்தான் வாங்க வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவிடுகிற கடைகளும் உண்டு. அங்கே சண்டை போட வேண்டாம், வாசலிலேயே "பில் போட்டதும் என் பையில்தான் எடுத்துப் போவேன்" என்று சொல்லிவிடுங்கள், மீறிக் காசு பிடித்தால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

இன்னொரு இடம் பாக்கி. பாபநாசம், அகத்தியர் அருவி, காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோயில் என்று மேலே போகிறவர்களுக்கு. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், பாபநாசம் வனத்துறைச் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திப் பையைத் திறந்து பார்ப்பார்கள், பிளாஸ்டிக்கை மேலே விடமாட்டார்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிற தாமிரவருணியைத்தான் நாம் எல்லாரும் குடிக்கிறோம், அதன் தலைமாட்டில் கவரைப் போட்டால் அது நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணீர் வரும் வழியில்தான் இறங்கி வரும். ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் கட்டுச்சோற்றை வாழையிலையிலும் சம்படத்திலும் எடுத்துக்கொண்டு, பூசைச் சாமானைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால், அந்தக் கூட்டத்தில் செக்போஸ்ட்டில் மூட்டையைப் பிரித்துக்கொண்டு நிற்கிற வேலை இருக்காது.