கோனின் நடுவில் ஒரு கருகல்

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்கு மின்தணிக்கைக்குப் போயிருந்தேன். மேலாளர் மேசைமேல் வெளிர்நீல நூல் கோன் ஒன்றைக் குறுக்கே அறுத்து வைத்திருந்தார். வெளியே ஒரு பழுதும் இல்லை. உள்ளே, பிளாஸ்டிக் குழலை ஒட்டி, புளியங்கொட்டை அளவுக்குக் கருகல். “தீயே இல்லாமல் எப்படி சார் கருகும்?” என்றார்.

பழைய சூடுகாற்று உலர்த்தியில் இப்படி நடக்காது. அதில் சூடு வெளியிலிருந்து உள்ளே போயாக வேண்டும். மேலடுக்கு காய்ந்து பழுப்பேறும்போதும் நடுவில் ஈரம் நிற்கும். அந்த ஈரம் மேலே வரும்போது ஒட்டாத சாயத்தையும் இழுத்து வருவதால் ஒரே கோனில் இரண்டு சாயல் விழும்.

அவர் வாங்கியிருந்தது ரேடியோ அலையால் காயவைக்கும் ஆர்.எப். உலர்த்தி. மைக்ரோவேவுக்குப் பங்காளி. இரண்டுமே பொருளுக்குள் இருக்கும் நீரையே நேராகச் சூடாக்குகின்றன. வீட்டு மைக்ரோவேவ் அலை 2,450 மெகாஹெர்ட்ஸ், நீளம் சுமார் 12 செ.மீ.; ஈரப்பொருளுக்குள் அதிக ஆழம் போகாது. இதுவோ 27.12 மெகாஹெர்ட்ஸ், 11 மீட்டர் அலை. தடித்த கோனின் நடுவரை பாயும். ஈரம் மிகுந்த இடம் அதிகம் சூடாகும், காய்ந்த இடம் அடங்கிவிடும்.

பிறகு ஏன் கருகியது? உப்பு! பருத்தி நூலோடு வேதிவினையால் ஒட்டும் ரியாக்டிவ் சாயத்துக்கு உப்பை அள்ளித்தான் போடுகிறோம். அலசல் போதாவிட்டால் அது நூலில் தங்கி மின்சாரத்தைக் கடத்தும். அந்த இடம் மட்டும் தாறுமாறாகச் சூடேறும். பதிவேட்டைப் புரட்டினேன். தண்ணீரை மிச்சம் பிடிக்க ஓர் அலசலைக் குறைத்திருந்தார்கள்.

மின்கட்டணம் எகிறுகிறது என்று அவர் புலம்பியதற்கும் விடை அங்கேயே கிடைத்தது. அவசரத்தில், வேகமாகச் சுழற்றி நீரை உதறும் ஹைட்ரோ இயந்திரத்தில் கோன்களைப் பாதி நேரமே சுற்றியிருந்தார்கள். ஒரு கிலோ நீரை ஆவியாக்கக் கணக்குப்படி 0.7 யூனிட் வேண்டும். இயந்திர இழப்பைச் சேர்த்தால் ஒரு யூனிட்டைத் தாண்டும். சுற்றியே உதறக்கூடிய நீரை மின்சாரம் கொடுத்துக் கொதிக்க வைப்பானேன்?

“ஆர்.எப். இருக்கும்போது நீராவி பாய்லரை விற்றுவிடலாமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சாயத் தொட்டிக்கு வெந்நீர் காய்ச்ச விறகு நீராவிதான் கட்டுப்படியாகும். ஆர்.எப். கடைசி ஈரத்துக்கு மட்டும்.

கிளம்பும்போதுதான் உலர்த்தியின் கதவு சுவிட்சைப் பார்த்தேன். கதவு திறந்திருந்தாலும் ஓடட்டும் என்று யாரோ கம்பி சுற்றி வைத்திருந்தார்கள். உள்ளே தகடுகளில் பல ஆயிரம் வோல்ட். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, கம்பியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் அவர் கொடுத்த தேநீரைக் குடித்தேன்.