மழை விட்ட பிறகும் மலை சரிவது ஏன்?

பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டத்து லயன்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மீது 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மண்சரிவு சொல்லாமல் வருவது அரிது. அது சொல்வதை விளங்கிக்கொள்ள, மண்ணுக்குள் தண்ணீர் செய்யும் வேலை தெரிந்திருக்க வேண்டும்.

நனைந்த மண் பாரம் தாங்காமல் சரிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாரத்துக்கும் பங்குண்டு, ஆனால் மலையைக் கழற்றிவிடுவது மண்ணுக்குள் ஏறும் நீரின் அழுத்தம். நம் மலைகளில் அடியில் கடும்பாறை, அதன்மேல் உக்கிய மண், பல இடங்களில் முன்பொரு காலம் உருண்டுவந்து தங்கிய கல்லும் மண்ணும். மழைநீர் மேல்மண்ணில் சுலபமாக இறங்கிப் பாறையை எட்டியதும் தேங்குகிறது.

மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்தி நிற்பதால்தான் சரிவுக்குப் பிடிமானம். இரண்டு மீற்றர் ஆழத்தில், ஒரு சதுர மீற்றருக்கு மேலே நனைந்த மண் ஏறக்குறைய 4 தொன் அழுத்துகிறது. தேங்கிய நீர் மேற்பரப்பு வரை உயர்ந்துவிட்டால், அதில் கிட்டத்தட்ட பாதியை நீரே தாங்கிக்கொள்ளும். துகள்களின் உராய்வும் பாதியாகும். கீழே இழுக்கும் பாரமோ சற்றும் குறையாது. ஆழமான மண்ணில் நீர் ஊறி இறங்கவே மணிக்கணக்கு, சிலவேளை நாட்கணக்கு எடுக்கும். அதனால்தான் வானம் வெளித்த பிறகும் மலை இறங்குகிறது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழையை வைத்து எச்சரிக்கிறது: 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேறத்தான் வேண்டும். வாயும் அடியும் ஒரே அகலமான டின் ஒன்றைக் கூரைக்கும் மரத்துக்கும் தள்ளி வெட்டவெளியில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து ஊற்றிவிடுங்கள். ஒரு வாரமாகப் பெய்து ஊறிய மண்ணுக்கு இந்த அளவுகளைவிடக் குறைந்த மழையே போதும்.

கூரைநீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 100 சதுர மீற்றர் லயன் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 10,000 லீற்றர். அதில் பின்பக்கக் கூரையில் விழுவது, வெட்டிய மண்சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் இடைப்பட்ட கானில்தான் கொட்டும். கான் சருகால் அடைத்திருந்தால் அத்தனையும் சரிவின் அடிவாரத்தில் ஊறும், அதாவது மலை காலூன்றி நிற்கும் இடத்தில். மாரிக்கு முன் அந்தக் கானைத் துப்புரவாக்கி, சீமெந்து வெடிப்புகளை அடைப்பது எல்லாவற்றிலும் மலிவான பாதுகாப்பு. கல்லணையில் நீர் வடிய விட்ட துளைகளையும் மண் அடைக்க விடக்கூடாது.

லயனுக்கு மேலே, தேயிலை நிரைகளுக்கிடையே பிறை வடிவில் நிலம் பிளந்திருந்தால் அது சரியப்போகும் துண்டின் மேல்விளிம்பாக இருக்கலாம். மழையில்லாத வேளையில் பிளவின் இருபுறமும் இரண்டு ஆப்பு அடித்து, இடைவெளியை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். பிறகு களிமண்ணால் மூடி, மேலே பொலித்தீன் விரித்து நீர் புகாமல் தடுக்க வேண்டும். ஆப்புகள் விலகிக்கொண்டே போனால் நிலம் நகர்கிறது. தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம அலுவலருக்கும் உடனே அறிவியுங்கள். இஸ்தோப்புத் (முன் விறாந்தை) தரையில் புது வெடிப்பு, நேற்றுவரை சாத்திய கதவு இன்று இறுகுவது, நேராக நின்ற கிரவில்லியா மரம் சாய்வது ஆகியவையும் அதே சேதிதான். அடிமரம் மட்டும் வளைந்து மேலே நிமிர்ந்த மரம், பல ஆண்டுகளாக மெல்ல நகரும் மண்ணைக் காட்டும்; முழுமரமும் சாய்ந்திருந்தால் அசைவு அண்மையது.

மிக அவசரமானவை தண்ணீரின் அறிகுறிகள். காய்ந்த இடத்தில் புது ஊற்று, தெளிந்த ஊற்று கலங்குவது, ஓடிய ஊற்று திடீரென நிற்பது, மழை கொட்டும்போதே ஓடையில் நீர் குறைவது. கடைசியானது, மேலே மண் ஓடையை மறித்திருப்பதைக் காட்டலாம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அளந்துகொண்டிருக்காமல் எல்லாரையும் வெளியேற்றி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். ஓடும்போது சரிவின் கீழ்நோக்கியோ ஓடைவழியோ போகக்கூடாது. சேறும் கல்லும் அந்த வழியாகத்தான் வரும். பக்கவாட்டில், மேடான பக்கத்துக்கு விலகுங்கள்.